அரசு அலுவலகத்தில் சம வாய்ப்பு: ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊழியர் சங்கத்தில் பல வருடங்களாக மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அலுவலகம் முடிந்து மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஆட்கள் வருவார்கள். "பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, சும்மா கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்று ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரம் பேசிய பிறகுதான் உண்மையான கேள்வி வெளியே வரும்.

வேலை கிடைக்கும்வரை கட்-ஆஃப், இனச்சுழற்சி (எந்த இடம் எந்த வகுப்புக்கு என்ற வரிசை), சான்றிதழ் என்று எல்லாவற்றையும் விரல்நுனியில் வைத்திருப்பவர்கள், சேர்ந்த பிறகு தங்களுக்கு என்ன உரிமை என்று கேட்பதே இல்லை. கேட்கும்போது பாதிப் பேருக்குக் கெடு தாண்டியிருக்கிறது. அந்த வருத்தத்தில்தான் இதைத் தொகுத்தேன். தமிழ்நாடு அரசு ஊழியர்களை மனதில் வைத்து எழுதியது. மத்திய அரசு ஊழியர்களுக்கு வழி மாறும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

1. "சம வாய்ப்பு என்கிறார்களே, அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?"

அரசியலமைப்பின் 16ஆம் பிரிவில். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று 14ஆம் பிரிவு பொதுவாகச் சொல்வதை, அரசு வேலைக்கென்றே தனியாகச் சொல்வது 16. சமயம், இனம், சாதி, பாலினம், மரபுவழி, பிறந்த இடம், வசிப்பிடம் ஆகிய ஏழில் எதைக் காரணமாகக் காட்டியும் ஒருவரை அரசுப் பணியில் ஒதுக்கக் கூடாது என்று 16(2) பட்டியலே போட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநர்களுக்கும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன, பின்னால் வரும்.

"அதெல்லாம் ஆள் எடுக்கும்போது மட்டும்தானே?" என்று பலர் நினைக்கிறார்கள். தெற்கு ரயில்வே சம்பந்தப்பட்ட ரங்காச்சாரி வழக்கில் 1961லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. சம்பளம், ஆண்டு ஊதிய உயர்வு, விடுப்பு, பணிக்கொடை, ஓய்வூதியம், பதவி உயர்வு எல்லாமே இந்தப் பிரிவுக்குள் அடங்கும்.

2. "எல்லோருக்கும் சமம் என்றால் இட ஒதுக்கீடு எப்படிச் சரியாகும்?"

அதே 16ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு, அரசுப் பணிகளில் போதிய இடம் பெறாத பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு இடம் ஒதுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. தலைமுறை தலைமுறையாக அலுவலக வாசலையே மிதிக்க விடாமல் வைத்திருந்தவர்களையும் மற்றவர்களையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொன்னால் அதில் சமம் எங்கே இருக்கிறது? நம் ஊரில் இந்தப் பேச்சு 1921இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையோடு தொடங்கியது. 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, இட ஒதுக்கீடு சமத்துவத்துக்கு விதிவிலக்கு இல்லை, சமத்துவத்தை அடையும் வழிகளில் ஒன்று என்று ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் இப்போது பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18 (இதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1 என மொத்தம் 69 சதவீதம். இதற்கான 1994ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்றத்தில் எளிதில் எதிர்க்க முடியாதபடி, அரசியலமைப்பின் 76ஆவது திருத்தத்தின் வழியாக ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. மத்திய அரசில் இருக்கும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீதம் தமிழ்நாடு அரசுப் பணிகளில் கிடையாது.

3. "நான் எம்.பி.சி. நல்ல மார்க் எடுத்தால் பொதுப் பிரிவில் எடுப்பார்களா, இல்லை என் கோட்டாவிலேயே கழித்துவிடுவார்களா?"

பொதுப் பிரிவில்தான் எடுக்க வேண்டும். பொதுப் பிரிவு யாருடைய கோட்டாவும் இல்லை, எல்லோருக்கும் திறந்த இடம். அந்த மதிப்பெண்ணை எட்டியவர் அங்கே கணக்காவார். அவருடைய வகுப்பின் இடம் அடுத்தவருக்குப் போகும்.

பெண்கள், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் என்று எல்லா வகுப்புக்குள்ளும் குறுக்கே வரும் கிடைமட்ட ஒதுக்கீட்டிலும் இதே கணக்குதான். உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வு வழக்கில், பொதுப் பிரிவுப் பெண்களுக்கான இடத்தை வேறு வகுப்புப் பெண்களுக்குத் தர மறுத்ததை 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தவறு என்று சொன்னது. தேர்வுப் பட்டியல் வந்ததும் உங்கள் பெயர் எந்தப் பிரிவில் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெயர் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் இதை யாரும் பார்ப்பதில்லை.

4. "மதம் மாறினால் சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்? வேறு மாநிலச் சான்றிதழ் இங்கே செல்லுமா?"

1950ஆம் ஆண்டு ஆணையின்படி இந்து, சீக்கியம், பௌத்தம் ஆகிய மூன்று சமயத்தவரே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவார்கள். கிறித்துவராக வாழ்ந்துகொண்டே, புதுச்சேரியில் எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்டவரின் மனுவை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பட்டியல் சாதியிலிருந்து கிறித்துவத்துக்கு மாறியவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். பிற மாநிலச் சான்றிதழ் இங்கே மாநில அரசுப் பணிக்குச் செல்லாது.

5. "அலுவலகத்தில் டீக்கு எல்லோரும் சமமாகத்தான் காசு போடுகிறோம். எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப். இதையெல்லாம் புகார் என்று கொடுக்க முடியுமா?"

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இந்தக் கேள்வியோடு வந்தவர் ஒரு டீக்கணக்கு நோட்டையும் கையோடு கொண்டுவந்தார். நாற்பது பக்க நோட்டு. மாதாமாதம் பால், சர்க்கரை, டீத்தூளுக்குக் கீழே "பேப்பர் கப் 1 பாக்கெட்" என்று ஒரு வரி. அந்தப் பிரிவில் பதினொரு பேர், டம்ளர் பத்து. அவர் பேசவே இல்லை, நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். அவ்வளவு நாள் அதைப் பார்த்தும் பார்க்காமலும் இருந்த பத்துப் பேரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தீண்டாமையின் பேரில் வேலையில் இடையூறு செய்வதும் அவமதிப்பதும் குற்றம். அதைவிடக் கடுமையானது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்குமான 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இரண்டுக்கும் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாடு காவல்துறையில் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு இதற்கென்றே இருக்கிறது.

காவல் நிலையம் போகும் முன் அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் கொடுப்பதா, நேரே போவதா என்பது உங்கள் முடிவு. ஆனால் துறைக்குள் முதலில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. "வீட்டு விஷயத்தை வெளியே கொண்டு போகாதே" என்று யாராவது சொன்னால் அதைக் கேட்க வேண்டியதில்லை.

6. "அதிகாரி தன் அறைக்குள் கூப்பிட்டு, யாரும் இல்லாதபோது சாதியைச் சொல்லித் திட்டினார். வழக்கு நிற்குமா?"

இது சிக்கலான இடம், ஆறுதலுக்காக மாற்றிச் சொல்ல மாட்டேன். சாதிப் பெயர் சொல்லி அவமதித்ததாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் வழக்கு நிற்க, அது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு வருவாய் ஆய்வாளரை அவருடைய அலுவலக அறையிலேயே சாதி சொல்லித் திட்டியதாக வந்த வழக்கை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சக ஊழியர்கள் சம்பவத்துக்குப் பிறகுதான் அறைக்குள் வந்தார்கள் என்பதே காரணம்.

கதவு திறந்திருந்ததா, மனு கொடுக்க வந்த பொதுமக்கள் வெளியே நின்று கேட்டார்களா, அலுவலக உதவியாளர் உள்ளே இருந்தாரா? இதை அன்றைக்கே எழுதி வையுங்கள். யாருமே இல்லை என்றாலும் எல்லாம் முடிந்துபோகவில்லை. குற்ற வழக்கு நிற்காத நடத்தையும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியதுதான். உயர் அதிகாரிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். 19ஆம் கேள்வியில் சொல்லும் ஆணையங்களுக்கும் போகலாம்.

7. "எங்கள் அலுவலகத்தில் மொத்தமே ஏழு பேர். பாலியல் தொல்லை புகாருக்குக் கமிட்டியே இல்லை. யாரிடம் போவது?"

பணியிடப் பாலியல் தொல்லைக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் அலுவலர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பத்துக்குக் கீழே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளம் வழியாகவும் பதியலாம்.

நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும் என்பதில்லை. தினக்கூலி, ஒப்பந்தம், பயிற்சியாளர் எல்லோரும் இதில் அடக்கம். அலுவலகத்துக்கு வேலையாக வந்துபோகும் பெண்ணும் புகார் கொடுக்கலாம். துப்புரவுப் பணியில் ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்வதே இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

8. "சம்பவம் நடந்து மூன்று மாதம் தாண்டிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?"

கெடு மூன்று மாதம் என்பது உண்மை. ஆனால் தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் கணக்கு. அதற்குப் பிறகும் தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். மிரட்டல், உடல்நலக் குறைவு, அதிகாரி மாறும்வரை பயந்து காத்திருந்தது என்று உங்கள் காரணத்தைப் புகாரிலேயே எழுதுங்கள்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அறிக்கை 10 நாளில் தர வேண்டும், அதன் மீது 60 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். விசாரணை நடக்கும்போதே இடமாற்றமோ மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்போ கேட்கலாம். புகாருக்கு உள்ளானவர் உங்கள் ரகசிய அறிக்கையை (உங்கள் வேலையைப் பற்றி மேலதிகாரி எழுதும் மதிப்பீடு) எழுதாமல் வேறு அதிகாரியிடம் மாற்றும்படியும் கேட்கலாம். இந்தக் கடைசி ஏற்பாட்டைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

9. "நிரூபிக்க முடியாவிட்டால் பொய்ப் புகார் என்று என் மேலேயே நடவடிக்கை எடுப்பார்களாமே?"

இந்தப் பயத்தை வேண்டுமென்றே பரப்புகிறார்கள். ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் புகாரைப் பொய் என்று சொல்லக் கூடாது என்று அதே 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவே எழுதி வைத்திருக்கிறது. தெரிந்தே, கெட்ட நோக்கத்தோடு பொய் சொன்னது தனி விசாரணையில் உறுதியானால்தான் நடவடிக்கை. புகார் கொடுத்தவர் பெயரையோ விசாரணை விவரத்தையோ வெளியே விடுவதும் 16ஆம் பிரிவின்படி தடை.

10. "ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் இதெல்லாம் கிடையாதா?"

மேலே சொன்ன 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கானது. ஆண் ஊழியருக்கு நடந்தால் நடத்தை விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை கேட்கலாம்.

திருநர்களுக்கு, மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த 2014ஆம் ஆண்டு நல்சா தீர்ப்பும் 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. ஆள் எடுப்பது, பதவி உயர்வு தருவது உட்பட வேலை சார்ந்த எதிலும் பாகுபாடு கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு அலுவலகத்திலும் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. திருநங்கையான பிரித்திகா யாஷினிக்குக் காவல் உதவி ஆய்வாளர் பணி தர வேண்டும் என்று 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விண்ணப்பப் படிவத்தில் மூன்றாம் பாலினத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லாத நிலையிலிருந்து அவர் நீதிமன்றம் ஏறி ஏறிப் பெற்ற வேலை அது.

11. "மகப்பேறு விடுப்பு எடுத்ததால் தகுதிகாண் பருவம் தள்ளிப்போய், கூடச் சேர்ந்தவர்கள் சீனியர் ஆகிவிட்டார்கள். இது நியாயமா?"

நியாயம் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. மகப்பேறு விடுப்புக் காலத்தைத் தகுதிகாண் பருவத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முடிவைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தது. விடுப்புக் காலம் 2021 ஜூலை 1 முதல் ஒரு வருடமாக இருக்கிறது.

இரண்டு குழந்தைக்கு மேல் விடுப்பு இல்லை என்ற விதியைக் காட்டி, மறுமணத்துக்குப் பிறகு குழந்தை பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு விடுப்பு மறுத்தார்கள். முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளும் முன்னாள் கணவரிடம் இருந்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்பு தரச் சொன்னது. விதியை வாசிக்கும்போது எதற்காக எழுதினார்களோ அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

திருமணமான பெண்ணுக்கு வேலை ஒத்துவராது என்ற எண்ணம் ஒரு காலத்தில் விதியாகவே இருந்தது. வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா, திருமணம் செய்ய அரசின் அனுமதி கேட்கச் சொன்ன விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அவருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டதால் மனு முடித்து வைக்கப்பட்டது. ஆனால் 1979இல் வந்த அந்தத் தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர், பணி விதிகளில் ஒட்டியிருக்கும் பாலினப் பாகுபாட்டைக் களையச் சொல்லி அரசைக் கடுமையாகக் கண்டித்தார்.

12. "பணியில் இருக்கும்போது விபத்தில் கால் போய்விட்டது. பழைய வேலை செய்ய முடியாது என்று கட்டாய ஓய்வு கொடுக்கப் பார்க்கிறார்கள்."

எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை அரசு வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவியைக் குறைக்கவும் கூடாது. பழைய வேலை முடியாது என்றால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். வேறு வேலையும் இல்லை என்றால் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி, பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரை அதில் வைத்திருக்க வேண்டும்.

"மருத்துவ ரீதியாகத் தகுதியற்றவர்" என்ற ஒரு வரியை வாங்கி வைத்துக்கொண்டு விருப்ப ஓய்வு மனுவில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். விருப்பப்பட்டு எழுதிக் கொடுத்ததாக ஆன பிறகு அதை மாற்றுவது மிகக் கடினம்.

13. "ஊனமுற்றவர் என்பதற்காகச் சலுகை கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது."

சட்டத்தில் இதற்குப் பெயர் நியாயமான வசதி ஏற்பாடு. அது உங்கள் உரிமை. திரை வாசிக்கும் மென்பொருள், தரைத்தளத்தில் இருக்கை, சைகை மொழிபெயர்ப்பாளர் என்று வேலையை மற்றவர்களைப் போலச் செய்யத் தேவையானது எதுவும் இதில் வரும்.

ஒரு அலுவலகத்தில் சாய்தளம் கட்டியிருந்தார்கள். கைப்பிடி, திறப்புவிழாக் கல்வெட்டு எல்லாம் இருந்தது. சாய்தளம் முடியும் இடத்தில், வாசலுக்கு முன்னால் ஆறங்குல உயரத்தில் ஒரு படி. சக்கர நாற்காலியில் வரும் தட்டச்சர் தினமும் காலையில் அந்தப் படிக்கு முன்னால் நின்று யாராவது தூக்கிவிடக் காத்திருப்பார். மனுவில் படியின் உயரத்தை அளந்து எழுதினோம், படமும் வைத்தோம். இரண்டு சட்டி சிமெண்ட் வேலை அது.

இந்தச் சட்டப்படி ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகாரை அவர் பதிவேட்டில் ஏற்றி இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லை என்றால் மாவட்ட அளவிலான குழு, அதற்கு மேல் மாநில ஆணையர். வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்கு 40 சதவீத ஊனச் சான்று வேண்டும்.

14. "எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் வேலை போய்விடுமா?"

போகாது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதற்காகப் பணிநீக்கம் செய்வதையும், வேலைக்கு நிபந்தனையாகப் பரிசோதனை கேட்பதையும் தடுக்கிறது.

15. "பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. ரகசிய அறிக்கையில் ஏதோ எழுதிவிட்டார்களாம். அதை நான் பார்க்க முடியுமா?"

பார்க்கலாம். எல்லைச் சாலைகள் அமைப்பில் தேவ் தத் என்ற பொறியாளருக்கு, ஐந்து வருடமும் "மிக நன்று" என்று இருந்தால்தான் பதவி உயர்வு என்ற விதி. நான்கு வருடம் மிக நன்று, ஒரு வருடம் மட்டும் "நன்று". நன்று என்பது கெட்ட வார்த்தை இல்லையே என்று அதை அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. அந்த ஒரு சொல்லால் வாய்ப்புப் போனது. நல்லதோ கெட்டதோ எல்லாக் குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

முதுநிலைப் பட்டியல், இனச்சுழற்சிப் பதிவேடு, பதவி உயர்வுக்கான அளவுகோல் எல்லாவற்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். "எனக்கு ஏன் தரவில்லை?" என்று காரணம் கேட்காதீர்கள். "இந்தப் பதிவேட்டின் இந்தப் பக்கங்களின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்வில் ஒதுக்கீடு தர 16(4ஏ) பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. அரசு தந்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

16. "பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம். நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலை, பாதிச் சம்பளம்கூட இல்லை."

சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியர்களுக்கும் பொருந்தும் என்று 2016இல் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரந்தரப் பணியாளரின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத்தைக் கேட்கலாம். வேலை ஒன்றுதான் என்பதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. பணி ஒதுக்கீட்டு ஆணை, வருகைப் பதிவேடு, நீங்கள் கையெழுத்திட்ட கோப்புகளின் விவரம் எல்லாம் சேர்த்து வையுங்கள்.

நிரந்தரமாக்குவது வேறு கதை. 2006ஆம் ஆண்டு உமாதேவி தீர்ப்பு அதைக் கடினமாக்கியது. அந்தத் தீர்ப்பைக் கேடயமாக வைத்துக்கொண்டு ஊழியர்களைக் காலம் முழுவதும் தற்காலிகமாகவே வைத்திருக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் செய்தவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அவர்களை நிரந்தரமாக்க உத்தரவிட்டது.

17. "மனு எப்படி எழுதுவது? யார் கையில் கொடுப்பது?"

உரிய வழியாக, அதாவது உங்கள் மேலதிகாரி மூலமாக, மேலிடத்துக்கு நேரே அனுப்பும் முன்நகலோடு. உங்கள் மேலதிகாரி மேல்தான் புகார் என்றால் அவருக்கு மேலே இருப்பவருக்கு. தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை, தேதி, சுருக்கொப்பம் மூன்றும் வாங்குங்கள். "ஐயா மேசையில் வைத்துவிட்டேன்" என்பது மனு கொடுத்ததாகவே ஆகாது. வாங்க மறுத்தால் அன்றைக்கே விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

"தொடர்ந்து மன உளைச்சல் தருகிறார்" என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதை அடித்துவிட்டு நாள், நேரம், இடம், சொன்ன சொல், உடன் இருந்தவர் என்று எழுதச் சொல்வேன். நான்கு சம்பவம் போதும். கடைசியில் என்ன வேண்டும் என்று ஒரே வரி: பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும், அல்லது விசாரணை வேண்டும். அது இல்லாத மனு "பார்வையிடப்பட்டது" என்ற குறிப்போடு கோப்பில் தூங்கிவிடும்.

18. "மனு கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். காத்திருக்கலாமா?"

காத்திருக்காதீர்கள். நினைவூட்டல் அனுப்பினால் கெடு நீளும் என்று நினைப்பதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. மத்திய அரசு ஊழியர் மேல்முறையீடோ மனுவோ கொடுத்து ஆறு மாதத்தில் பதில் வராவிட்டால், அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் முன்பு இருந்த மாநிலத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டுவிட்டதால் மாநில அரசு ஊழியர்கள் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்படி சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ அதன் மதுரைக் கிளைக்கோ போகிறார்கள். அங்கே இத்தனை நாள் என்று கெடு இல்லை, ஆனால் ஏன் தாமதம் என்று கேட்பார்கள்.

தமிழ்நாட்டின் புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஊழியர் ஒருவர் 1982இல் பணிநீக்கம் செய்யப்பட்டு, 2000இல் மனு கொடுத்தார். அந்த மனுவைப் பரிசீலிக்க உத்தரவு வாங்கி, அதற்கு வந்த பதிலை எதிர்த்து வழக்குப் போட்டார். மனுவுக்குப் பதில் வந்ததாலேயே செத்துப்போன கோரிக்கை உயிர்பெறாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

19. "புகார் கொடுத்த மறுவாரமே தூரத்துக்கு மாறுதல், கூடவே 17(பி) மெமோ. இப்போது என்ன செய்வது?"

17(பி) என்பது ஒழுங்கு விதிகளின்படி பெரிய தண்டனைக்கு வழிவிடும் குற்றச்சாட்டு மெமோ. முதலில் அதற்குக் கொடுத்த நாளுக்குள் பதில் கொடுங்கள். கோபத்தில் வாங்க மறுப்பதும், பதில் கொடுக்காமல் விடுவதும் எதிர்த்தரப்புக்கு நீங்களே வழி திறந்துவிடுவது. ஆவணங்களின் நகல் வேண்டும் என்று எழுதினால் அவகாசமும் கிடைக்கும். பதிலில் புகார் கொடுத்த தேதியையும் மெமோ வந்த தேதியையும் அடுத்தடுத்து எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே ஆறு நாள்தான் என்றால் அந்த ஆறு நாளே பேசும்.

மாறுதல் உத்தரவில் நீதிமன்றங்கள் சுலபத்தில் தலையிடுவதில்லை. பழிவாங்கும் நோக்கமோ விதிமீறலோ தெரிந்தால் தலையிடுகின்றன. 17ஆம் கேள்வியில் சொன்ன முத்திரையும் தேதியும் இங்கேதான் கைகொடுக்கும். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தத்தம் தேசிய ஆணையங்களுக்கும், 2021இல் அமைந்த மாநில ஆணையத்துக்கும் எழுதலாம். தேசிய ஆணையங்களுக்கு அதிகாரிகளை நேரில் அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஆனால் பரிந்துரைதான் செய்ய முடியும். ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறதே என்று 18ஆம் கேள்வியில் சொன்ன கெடுவைத் தவறவிடாதீர்கள்.

20. "பாதிக்கப்பட்டது நான் இல்லை. கண்ணால் பார்த்தவன். அந்த அம்மா புகார் கொடுக்கப் பயப்படுகிறார். நான் கொடுக்கலாமா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, அதனால் கேட்டவரை நன்றாக நினைவிருக்கிறது. பாலியல் தொல்லை என்றால், அவரால் கொடுக்க முடியாத நிலையில், அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு சம்பவம் தெரிந்த யாரும் புகார் கொடுக்கலாம் என்று 2013ஆம் ஆண்டு விதிகளின் 6ஆவது விதி சொல்கிறது. சம்மதம் இல்லாமல் கொடுக்காதீர்கள், அது அவருடைய முடிவு. சாதிக் கொடுமை என்றால் சம்பவம் தெரிந்த எவரும் காவல் நிலையத்தில் தகவல் கொடுக்கலாம். சாட்சிகளுக்கான பாதுகாப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில் இருக்கிறது.

அவர் இப்போது வேண்டாம் என்று சொன்னாலும் நீங்கள் பார்த்ததை இன்றே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு வைத்திருங்கள். எழுதி வைத்திருப்பதை அவரிடம் சொல்லுங்கள். என்னிடம் இதைக் கேட்டவர் அப்படிச் செய்தார். ஐந்து வாரம் கழித்து அந்த அம்மாவே வந்தார், கெடுவுக்குள். குழுவின் முன்னால் முதலில் வைக்கப்பட்டது அந்தத் தாள்தான்.